இடிபாடுகளுக்கு வாசனை தேவையா? – வாசகர் கேள்வி பதில்

தொல்லியல் தளங்களைக் காண வருவோருக்குத் திரை, ஒலி, மணம் ஆகியவற்றின் துணையோடு பழைய நகரங்களை மீட்டுக் காட்டும் முயற்சிகள் குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் அளிக்கிறோம்.

ஐயா, மெய்நிகர் உண்மையும் மிகைமெய்மையும் ஒன்றுதானா? ‘பல்புலன் மிகைமெய்மை’ என்று எழுதுகிறார்களே, அது என்ன?
– வாசகி, திருச்சி

ஒன்றல்ல. மெய்நிகர் உண்மைக்கான தலையணியை மாட்டிக்கொண்டவுடன் நாம் இருக்கும் இடம் கண்ணிலிருந்து முழுவதுமாக மறைந்து, கணினி வரைந்த வேறோர் உலகம் அங்கே விரிகிறது. ஆக்மென்டட் ரியாலிட்டி எனப்படும் மிகைமெய்மையில் நாம் நிற்கும் இடம் அப்படியே இருக்கும். அதன்மேல் ஒரு சுவரோ தூணோ மனித உருவமோ கைபேசித் திரையிலோ ஒளி ஊடுருவும் கண்ணாடியிலோ கூடுதலாகத் தோன்றும். முன்னதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். தொல்லியல் தளங்களில் செய்யப்படும் மிகைமெய்மைக்கோ அந்த ஊருக்குப் போய், அந்தக் கல்லின் முன் நின்றாக வேண்டும். தொல்லியலாளர்கள் பலர் இரண்டாவதை விரும்புவதற்கு இதுவே காரணம்.

காட்சியோடு ஓசை, மணம், தொடுகை போன்றவற்றையும் சேர்த்து அளித்தால் அது பல்புலன் மிகைமெய்மை. போர்ச்சுகலில் கோயிம்பிரா நகருக்குத் தெற்கே சுமார் 16 கி.மீ. தொலைவில் கொனிம்பிரிகா என்ற ரோமானிய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் அங்கே அமைந்த பொது மன்றம், கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிளேவியப் பேரரசர்களின் ஆட்சியில் இடிக்கப்பட்டு, ஒரு கோயிலை மையமாகக் கொண்டு பெரிதாக எழுப்பப்பட்டது. இன்று அங்கே நிற்பவர் கண்ணில் படுவது பெரும்பாலும் அடித்தளமும் அரைகுறைச் சுவர்களும்தான். அந்த இடத்திலேயே மன்றத்தின் பழைய தோற்றத்தைத் திரையில் எழுப்பிக் காட்டியும், அத்துடன் ஓசையையும் மணத்தையும் சேர்த்தும், பார்வையாளர்களின் அனுபவம் எப்படி மாறுகிறது என்பதைப் போர்ச்சுகீசிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் ‘அங்கேயே இருப்பது போன்ற உணர்வு’, மகிழ்ச்சி, பெற்ற அறிவு ஆகியவற்றைத் தனித்தனியாக அளந்தார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒருவர் மகிழ்ந்தார் என்பதனாலேயே அவர் எதையோ அறிந்துகொண்டார் என்று ஆகிவிடாது. சுற்றுலாத் துறைகளின் விளம்பரங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே கலக்கப்படுகின்றன.

இது அண்மையில் தோன்றிய தொழில்நுட்பமா?
– வாசகர், கோயம்புத்தூர்

நாம் நினைப்பதைவிடப் பழையது. அமெரிக்கத் திரைத்துறையைச் சேர்ந்த மார்ட்டன் ஹைலிக், படத்தோடு காற்றும் மணமும் அதிர்வும் அளிக்கும் ‘சென்சொராமா’ என்ற இயந்திரத்துக்கு 1962இலேயே காப்புரிமை பெற்றார். தொல்லியல் தளத்தில் மிகைமெய்மையை முறையாகச் செய்துபார்த்த தொடக்ககால முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது, 2000ஆம் ஆண்டு தொடங்கி ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவில் நடந்த ‘ஆர்க்கியோகைட்’ திட்டம். பார்வையாளர் முதுகில் மடிக்கணினிப் பையையும் தலையில் காட்சிக் கருவியையும் சுமந்து நடக்க, ஹெரா தேவியின் கோயில் அதன் இடிபாட்டின் மேலேயே எழுந்து தெரியும். அதையடுத்து வந்த ‘லைஃப்பிளஸ்’ திட்டம் பொம்பெயி நகரில் அசையும் ரோமானிய மனித உருவங்களை உலவவிட்டது. முதுகுப் பையில் இருந்ததெல்லாம் இன்று கைபேசிக்குள் வந்துவிட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் ஏஆர்கிட், கூகுளின் ஏஆர்கோர் ஆகிய மென்பொருள் தொகுப்புகள் 2017இல் அறிவிக்கப்பட்ட பிறகு, சிறிய குழுக்களும் இத்தகைய செயலிகளை உருவாக்க முடிந்தது.

காட்சியும் ஒலியும் போதாதா? மணம் எதற்கு? வேடிக்கைக்காகச் சேர்க்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.
– வரலாற்று ஆசிரியர், நாகர்கோவில்

வேடிக்கைக்காகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மணத்தின் வலிமையைக் காட்டும் ஓர் ஆய்வு உண்டு. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் பகுதியில் நடந்த அகழாய்வு, வைக்கிங்குகள் காலத்துக் குடியிருப்பு ஒன்றை வெளிக்கொணர்ந்தது. மண் நீரூறிக் காற்றுப் புகாமல் இருந்ததால் மரம், தோல், துணி, கழிவுக்குழிகளின் உள்ளடக்கம் வரை அழுகாமல் கிடைத்தன. அதே இடத்தில் 1984இல் திறக்கப்பட்ட யோர்விக் மையத்தில், மீட்டமைக்கப்பட்ட தெருக்களின் வழியே சிறு வண்டியில் செல்பவர்கள் மரவேலையின் மணத்தையும் கழிவுக்குழியின் நாற்றத்தையும் நுகர்ந்தபடியே செல்கிறார்கள். இது மிகைமெய்மை அன்று. பொம்மைகளும் மேடைக் கட்டுமானமும் கொண்ட காட்சியகம். எனினும் பல ஆண்டுகளுக்கு முன் அங்கு சென்று வந்தவர்களிடம் உளவியலாளர்கள் கேள்வித்தாள் கொடுத்து நினைவைச் சோதித்தபோது, அதே மணங்கள் சூழ இருந்து விடை எழுதியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக நினைவுகூர்ந்தார்கள். இந்த முடிவுகள் 1999இல் வெளியாயின.

ஆகவே மணம் மனத்தில் ஆழமாகப் பதிகிறது என்பதில் ஐயமில்லை. எனது தயக்கமும் அங்கிருந்தே தொடங்குகிறது. அவ்வளவு ஆழமாகப் பதிவது தவறாக இருந்தால் அந்தத் தவறும் அதே ஆழத்தில் பதியும் அல்லவா? யோர்விக்கில் நாற்றத்துக்குக் கழிவுக்குழியே சான்றாக இருந்தது. எல்லாத் தளங்களுக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை.

செய்முறைச் சிக்கல்களும் உள்ளன. கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை மட்டுமே என்பதால், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்து திரையில் ஏறத்தாழ எல்லா நிறங்களையும் காட்டிவிட முடிகிறது. மூக்கிலோ மணமறியும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை. அவற்றைத் தூண்ட ‘அடிப்படை மணங்கள்’ என்று மூன்றோ நான்கோ கிடையா. எனவே ஒவ்வொரு மணத்தையும் தனிக் குப்பியில் அடைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். வெளிப்படுத்திய மணம் ஒலியைப் போலச் சட்டென நிற்காது. அடுத்த காட்சி வந்த பின்னும் தங்கியிருக்கும். திறந்தவெளியில் காற்று வீசினால் பார்வையாளரை எட்டுவதற்கு முன்பே கலைந்துவிடும். எட்டினாலும் சில நிமிடங்களில் மூக்கு அதற்குப் பழகி உணர்வதை நிறுத்திவிடும். ஆஸ்துமா உள்ளவர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த தொல்லியலாளர் ஸ்டூவர்ட் ஈவ், கார்ன்வால் பகுதியில் ஒரு குன்றின் மேலிருந்த வெண்கலக் கால வீடுகளை அந்தக் குன்றிலேயே மிகைமெய்மையில் எழுப்பிப் பார்த்தவர். அவர் நிரல் எழுதி இயக்கத்தக்க ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகையோடு சிறு விசிறிகளை இணைத்து, குறித்த இடத்தில் குறித்த மணத்தை மூக்கருகே வீசும் கருவி ஒன்றையும் செய்தார். மூக்கருகே சிறிதளவு மட்டும் வெளியிடுவதே இப்போதைக்குச் சரியான வழியாகத் தெரிகிறது.

ஒரு கோட்டையில் இத்தகைய செயலியைத் திறந்து பார்த்தேன். நான் உடலைத் திருப்பும்போதெல்லாம் திரையிலிருந்த மதில் கல்லைவிட்டு விலகி மிதந்துகொண்டே இருந்தது. ஏன் இப்படி?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

கைபேசி, தான் எங்கே இருக்கிறது, எத்திசையை நோக்குகிறது என்ற இரண்டையும் மிகத் துல்லியமாக அறிந்தால்தான் படம் கல்லின்மேல் ஒட்டி நிற்கும். வெட்டவெளியில்கூடக் கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் அளவுக்குத் தவறும். ஒரு வீட்டின் வாசல் பக்கத்து வீட்டில் போய் நிற்க அது போதும். திசைகாட்டி அருகிலுள்ள இரும்பு வேலியால் குழம்பும். எனவே கேமரா பார்க்கும் காட்சியிலுள்ள முனைகளையும் விளிம்புகளையும் அடையாளம் கண்டு, அசைவுணரிகளின் தரவோடு சேர்த்து, செயலி தன் இருப்பிடத்தைத் தொடர்ந்து கணிக்கிறது. இடிபாடுகளில் ஒரே மாதிரியான கற்கள் வரிசையாகக் கிடப்பதும், காலையில் விழுந்த நிழல் மாலையில் இடம் மாறுவதும், மழைக்குப் பின் புல் வளர்ந்து தரையின் தோற்றமே மாறிவிடுவதும் இக்கணிப்பைக் கெடுக்கின்றன. தளத்தை முன்கூட்டியே லேசர் கொண்டோ ஏராளமான ஒளிப்படங்கள் கொண்டோ முப்பரிமாணத்தில் பதிவுசெய்து, கேமராக் காட்சியை அதனோடு ஒப்பிட்டால் பிழை வெகுவாகக் குறையும். கேமரா எளிதில் கண்டுகொள்ளும் அடையாள அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது எளிய வழிதான். ஆனால் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் அதை எவரும் அனுமதிக்கக் கூடாது.

வெயிலில் திரை மங்குவது தனித் தொல்லை. ரோம் நகரில், கி.மு. 9இல் அர்ப்பணிக்கப்பட்ட ‘ஆரா பாசிஸ்’ என்ற அமைதிப் பலிபீடம் இன்று வெண்பளிங்காகத் தெரிந்தாலும் முற்காலத்தில் வண்ணம் பூசப்பட்டிருந்தது. 2016இல் தொடங்கிய நிகழ்ச்சியில் தலைக்கருவி வழியாக அந்த வண்ணங்களை அதன் மேலேயே காட்டினார்கள். அது காட்சிக்கூடத்துக்குள், மாலை நேரத்தில் நடந்ததால் ஒளியைக் கட்டுப்படுத்த முடிந்தது. உங்கள் கோட்டைக்கு அந்த வசதி இல்லை.

பழங்காலத்தில் என்ன மணந்தது, என்ன ஒலித்தது என்று யாருக்குத் தெரியும்? கற்பனையை வரலாறு என்று விற்பதாக ஆகாதா?
– வாசகர், மதுரை

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் கூர்மையானது இதுவே. சில இடங்களில் நமக்கு உண்மையாகவே தெரியும். ஸ்பெயினில் செவில் நகருக்கு அருகிலுள்ள கர்மோனாவில் 2019இல் ரோமானியர் கால நினைவுக் கல்லறை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த படிகக் குப்பி நிலக்கீல் கொண்டு மூடப்பட்டிருந்ததால் உள்ளே இருந்த பொருள் எஞ்சியிருந்தது. கோர்டோபா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் அதைப் பகுப்பாய்ந்து, அது தாவர எண்ணெயில் கலந்த பச்சோலித் தைலம் என்று 2023இல் அறிவித்தார்கள். பச்சோலி ஆசியாவின் வெப்பப் பகுதிகளுக்கு உரிய செடி என்பதால், அந்த மணம் ஐபீரியக் கல்லறையை அடைய நெடுந்தொலைவு பயணம் செய்திருக்க வேண்டும். இனி கர்மோனாவில் ஒருவர் பச்சோலி மணத்தை வெளியிட்டால் அதற்கு ஆய்வகச் சான்று உண்டு.

ஓசைக்கும் இப்படி ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. இஸ்தான்புல்லில் பைசாந்தியப் பேரரசு கட்டிய தேவாலயமான ஹாகியா சோபியாவில் 2010இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றறிஞர் பிசேரா பெஞ்செவா பலூன்களை வெடிக்கச் செய்து, அந்த ஓசை மண்டபத்தில் எப்படிப் பரவி அடங்குகிறது என்பதைப் பதிவு செய்வித்தார். அங்கே எதிரொலி அடங்க ஏறத்தாழ 11 வினாடிகள் ஆகின்றன. அந்தப் பதிவிலிருந்து மண்டபத்தின் ஒலிப்பண்பைக் கணித்து, வேறெங்கோ பாடப்படும் பைசாந்தியப் பாடலை அந்த மண்டபத்தில் கேட்பது போல ஒலிக்கச் செய்தார்கள். இதில் அளந்தது எது, ஊகித்தது எது என்பது தெளிவு: கட்டடத்தின் எதிரொலி அளந்தது, பாடிய முறை சுவடிகளைக் கொண்டு ஊகித்தது. இன்றைய கட்டடத்தின் தரையும் சுவர்களும் ஆறாம் நூற்றாண்டில் இருந்தபடியே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான செயலிகளில் இந்தப் பிரிப்பு இல்லை. சந்தைக் காட்சி என்றால் எங்கிருந்தோ எடுத்த கூட்ட இரைச்சலைப் போடுகிறார்கள். கோயில் என்றால் சாம்பிராணி. ரோமானியப் பலிபீடங்களில் நறும்புகை எழுந்தது உண்மைதான். ஆனால் அதே இடத்தில் விலங்குகளின் குருதியும் கொழுப்பும் எரிந்தன. அந்த நெடியை எவரும் குப்பியில் அடைப்பதில்லை! இனிமையானதை மட்டும் தேர்ந்தெடுப்பதும் ஒரு வகைப் பொய் என்பதே என் கருத்து.

காட்சியிலும் இச்சிக்கல் உண்டு. ஒலிம்பியாவின் ஹெரா கோயில் தூண்கள் முதலில் மரத்தாலானவை என்றும், ஒவ்வொன்றாகக் கல் தூண்களாக மாற்றப்பட்டன என்றும் அறிஞர்கள் கருதுகிறார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கு சென்ற கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசானியாஸ், அப்போதும் ஒரு கருவாலி மரத்தூண் எஞ்சி நின்றதைக் குறித்திருக்கிறார். அப்படியானால் திரையில் எந்த நூற்றாண்டின் கோயிலை எழுப்புவது? முழுமையான, பளபளப்பான ஒரே கோயிலைக் காட்டினால் பல நூறு ஆண்டுகள் நடந்த மாற்றம் முழுவதும் மறைந்துபோகும்.

இதற்கான நெறிமுறைகள் இல்லாமல் இல்லை. 2006இல் உருவாகி 2009இல் திருத்தப்பட்ட லண்டன் சாசனம், கணினி மீட்டுருவாக்கம் ஒவ்வொன்றும் எந்தச் சான்றின் மீது, எந்த ஊகத்தின் வழியே உருவானது என்பதைப் பதிவு செய்து வெளியிடக் கோருகிறது. அதன் வழிவந்த செவில் கோட்பாடுகளை, நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இக்கோமோஸின் பொதுப்பேரவை 2017 டிசம்பரில் புதுதில்லியில் ஏற்றுக்கொண்டது. உண்மையான எச்சம் எது, மீட்டமைப்பு எது, அதன் உறுதி எவ்வளவு என்பது பார்வையாளருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். படத்தில் இதைச் செய்வது எளிது. உறுதியான பகுதியை அடர்த்தியாகவும் ஊகத்தை வெளிறிய கோடுகளாகவும் வரையலாம். மணத்தையும் ஓசையையும் வெளிறச் செய்ய முடியாது. மெல்லிய சாம்பிராணி மணமும் சாம்பிராணி மணமே. அதில் ‘இது ஊகம்’ என்ற குறிப்பு இருக்காது. ஆகவே சான்றில்லாத மணத்தையும் மனிதக் குரலையும் சேர்க்காமல் விடுவதே நல்லது. சேர்த்துத்தான் ஆக வேண்டுமென்றால், பார்வையாளர் தாமாகப் பொத்தானை அழுத்திய பின்பே, இது ஊகம் என்று அறிவித்துவிட்டு வெளியிட வேண்டும்.

கீழடியில் இதைச் செய்தால் எப்படி இருக்கும்?
– கல்லூரி மாணவி, சிவகங்கை

கீழடியில் செய்யத்தக்க காட்சிகள் பல. தென்னந்தோப்புகளுக்கு நடுவே செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்ட குழிகளில் பல, ஆய்வு முடிந்தபின் மூடப்படுபவை. மூடிய மண்ணின்மேல் நின்று, கீழே எந்த ஆழத்தில் எந்தச் சுவர் கிடக்கிறது, அதற்கும் கீழே எது என்று அடுக்கடுக்காகக் காட்டுவது மிகைமெய்மைக்கே உரிய பணி. அதற்கு அகழாய்வு வரைபடங்களே சான்று. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் பார்த்த பானை ஓட்டை, அது கிடைத்த குழியில் மீண்டும் வைத்துப் பார்க்கவும் முடியும்.

கட்டடத்தை எழுப்பும்போது நிதானம் தேவை. துளையிட்ட கூரை ஓடுகள் கிடைத்திருப்பதால் ஓட்டுக் கூரை இருந்தது என்று சொல்லலாம். சுவரின் உயரத்தையும் சாளரத்தின் இடத்தையும் அடித்தளம் சொல்லாது. தக்களிகளும் எலும்பு முனைக் கருவிகளும் கிடைத்திருக்கின்றன என்பதால் நூற்பு, நெசவு தொடர்பான ஓசைக்கு ஓரளவு இடமுண்டு. அவற்றை ஒத்த தக்களிகளைச் செய்து சுழற்றிப் பதிவு செய்தால் அது நேர்மையான ஓசை. சங்கப் பாடல்களில் கூடல் நகரின் அங்காடி ஆரவாரம் விரிவாகப் பாடப்பட்டிருக்கிறது என்பதற்காக, அதை அப்படியே எடுத்து இந்தக் குழிகளின்மேல் ஒலிக்கவிடுவது சரியன்று. பாடலைப் பாடலாகவே, தனியாக, இன்ன சான்று என்று சொல்லிக் கேட்கச் செய்யலாம். நவீன நாதஸ்வர இசையைப் பின்னணியில் சேர்க்காதிருந்தாலே பாதி வெற்றி.

என் தம்பிக்குப் பார்வை இல்லை. இந்தத் தொழில்நுட்பத்தால் அவனுக்கு ஏதும் பயன் உண்டா?
– வாசகி, ஈரோடு

உண்டு, அம்மா, ஒருவேளை மற்றவர்களைவிட அவருக்கே அதிகப் பயன் கிடைக்கலாம். திரையை மையமாகக் கொண்ட செயலி அவருக்கு உதவாது. ஆனால் நடக்கும் திசைக்கும் தலை திரும்பும் பக்கத்துக்கும் ஏற்ப ஒலி மாறும் முறை, ‘இடப்பக்கம் கிணறு, எதிரே வாசல்’ என்று ஒரு மன்றத்தின் அமைப்பையே காதால் உணர்த்த வல்லது. காதை அடைக்காமல் கன்ன எலும்பு வழியே ஒலியைக் கடத்தும் கேள்கருவிகள் இதற்கு ஏற்றவை. சுற்றியிருப்போரின் குரலும் எச்சரிக்கையும் தடையின்றிக் கேட்கும். தொடுகைக்கு மின்னணு அதிர்வைவிட, முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரிகளே சிறந்தவை. மாட்ரிடில் ஸ்பெயினின் பார்வையற்றோர் அமைப்பான ஓன்சே 1992இல் திறந்த அருங்காட்சியகத்தில், புகழ்பெற்ற கட்டடங்களின் மாதிரிகளைக் கையால் தடவி அறியலாம். எந்தச் செயலியும் இல்லாமலே அது நன்கு நடைபெறுகிறது.

இத்தனை செலவு செய்துதான் ஆக வேண்டுமா?
– வாசகர், புதுச்சேரி

வேண்டியதில்லை. முதல் பதிலில் சொன்ன கொனிம்பிரிகாவிலேயே ‘நீரூற்று வீடு’ என்று ஒரு மாளிகை இருக்கிறது. அதன் உள்முற்றத் தோட்டத்தில் பார்வையாளர் ஒரு நாணயத்தைப் போட்டால், வரிசையாக நீர்த்தாரைகள் பீறிட்டு எழும். ஓசை, குளிர்ச்சி, ஈரத்தின் மணம் எல்லாம் மெய்யானவை. தலைக்கருவி தேவையில்லை, வரிசையில் நிற்கும் குழந்தைகள் அனைவரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். எதை இப்படி மெய்யாகவே செய்துகாட்ட இயலாதோ அதற்கு மட்டும் மிகைமெய்மையைப் பயன்படுத்துவது சிக்கனமும்கூட.

எங்கள் ஊர்த் தொல்லியல் ஆர்வலர் குழு, நன்கொடை திரட்டி ஒரு செயலி செய்ய எண்ணுகிறது. ஒப்பந்தம் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், தர்மபுரி

முதலில், அது எத்தனை ஆண்டு இயங்கும் என்று கேளுங்கள். டெட்ராய்ட் கலைக்கூடம் 2017இல் கூகுளின் ‘டேங்கோ’ தொழில்நுட்பத்தைக் கொண்டு தன் பார்வையாளர்களுக்கு மிகைமெய்மைச் சுற்றுலா ஒன்றைத் தொடங்கியது. 2018 மார்ச்சில் கூகுள் டேங்கோவையே நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் ஹோலோலென்ஸ் 2 என்ற மிகைமெய்மைக் கண்ணாடியின் உற்பத்தியை 2024இல் முடித்துக்கொண்டது. கல் பல நூற்றாண்டுகள் நிற்கும் இடத்தில் செயலி ஐந்து ஆண்டுகள் நின்றாலே பெரிது. ஆகவே செயலியைவிட அதன் உள்ளே இருக்கும் பொருளுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள் என்று கருதிக்கொள்ளுங்கள். தளத்தின் முப்பரிமாணப் பதிவு, ஒலிப்பதிவுகளின் மூலக் கோப்புகள், ஒவ்வொரு சுவருக்கும் ஓசைக்கும் எது சான்று என்று எழுதிய குறிப்புகள் ஆகியவை எந்த நிறுவனத்துக்கும் உரிமையில்லாத பொது வடிவங்களில் உங்கள் குழுவிடமும், தளத்தைப் பாதுகாக்கும் துறையிடமும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் கைபேசி இயங்குதளம் மாறும்போது செயலியைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது, அதற்கான தொகை எங்கிருந்து வரும் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். தளம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக இருந்தால், பதிவு செய்ய இறங்குவதற்கு முன் உரிய துறையின் எழுத்துமூல அனுமதியைப் பெறுவது அவசியம். டிரோன் கொண்டு படம் எடுப்பதாக இருந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.